பாடியவர் பெயர் தெரியவில்லை

கள்ளக்குறிச்சி நீதிமன்றத்துக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் டைப்பிங் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. மனு, வாக்குமூலம், பட்டா மாறுதல் விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம் என்று தினமும் யாராவது பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள், நான் அடித்துக்கொண்டே இருப்பேன். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு அலுவலகங்கள் பெருகின, கடையில் கூட்டமும் பெருகியது. மனிதர்கள் பேசுகிற வேகத்துக்கு என் விரல்கள் ஓடும். காதால் கேட்பதைக் கையால் எழுத்தாக்குவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அந்தக் கர்வத்தை நம்பித்தான் பேராசிரியர் என்னிடம் வந்தார். ஊருக்கு வெளியே இருக்கும் கல்லூரியில் தமிழ் சொல்லித்தருபவர். அவருடைய மாணவர்களின் ஆய்வேடுகளை நான் பல வருஷமாக அடித்துக் கொடுத்து வந்ததால் நல்ல பழக்கம். கல்வராயன் மலைப் பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாதுகாக்கும் திட்டம் ஒன்று தனக்கு அனுமதியாகியிருக்கிறது, பழைய கேசட்டுகளைக் கேட்டு வரி வரியாக எழுத ஆள் வேண்டும் என்றார். கடை முடிந்த பிறகு சாயங்காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் செய்வதாக ஒப்புக்கொண்டேன்.

கேசட்டுகள் ஒரு ஓய்வுபெற்ற நர்சம்மாவுடையவை. சர்ச்சுக்குப் பின்னால் உள்ள தெருவில் மகன் வீட்டில் இருக்கிறார். முப்பது முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலைமேல் ஊர் ஊராகப் போனவர். பாதி வழி பஸ், மீதி நடை. அவருடைய தம்பி வெளிநாட்டிலிருந்து வந்தபோது கொடுத்த டேப்ரெக்கார்டர் ஒன்றையும் கூடவே எடுத்துப் போவாராம். ஊசிக்குப் பயந்து பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஒரு பாட்டுப் பாடுங்கள், உங்கள் குரலை உங்களுக்கே போட்டுக் காட்டுகிறேன் என்றால் உட்கார்ந்துவிடுவார்கள். அப்படிச் சேர்ந்தவைதான் அந்த நாற்பத்தொரு கேசட்டுகளும். புதுக் கேசட் வாங்க வசதியில்லாமல் சர்ச் பாடகர் குழுவின் கேசட்டுகள் மேலேயே பதிவு செய்திருந்தார். அதனால் மலைப்பாட்டு நிற்கிற இடத்தில் சட்டென்று ஆர்மோனியமும் ஞானப்பாட்டும் ஒலிக்கும்.

நர்சம்மாவுக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. காது கிட்டத்தட்ட கேட்பதில்லை. ஹெட்போன் வைத்து முழுச் சத்தத்தில் போட்டால் ஏதோ இரைகிறது என்பார், அவ்வளவுதான். எந்தக் குரல் யாருடையது என்று அவரிடம் கேட்டு எழுத வழியில்லாமல் போயிற்று. கேசட் அட்டையில் ஊர்ப் பெயர் மட்டும் எழுதியிருந்தார். அதிலும் பல அழிந்துவிட்டிருந்தன. ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் நாங்கள் தயாரித்த குறிப்பில், பாடியவர் என்ற இடத்துக்கு நேராகப் பெயர் தெரியவில்லை, பெயர் தெரியவில்லை என்றே அடித்துக்கொண்டு போனேன். கடைசியில் அந்த இரண்டு சொற்களை ஒரே பொத்தானில் விழும்படி அமைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் என் கணவர் ஓசூரில் வேலையில் இருந்தார். மாதம் ஒருமுறை சனிக்கிழமை வந்து ஞாயிறு இருந்துவிட்டுப் போவார். மகள் விழுப்புரத்தில் விடுதியில் தங்கிப் படித்தாள். கடையிலிருந்து வந்து கதவைத் திறந்தால் வீடு அமைதியாக இருக்கும். டீ போட்டுக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு மலைக் குரல்களைக் கேட்க உட்காருவேன். உண்மையைச் சொன்னால் அந்த வேலைதான் எனக்கு அப்போது துணை.

இருபத்தேழாவது கேசட்டில் அந்தப் பாட்டு வந்தது. இளம் பெண்ணின் குரல். ஒவ்வொரு வரியையும் அழுகை மாதிரி இழுத்து இழுத்துப் பாடினாள்.

சாமக் காட்டுல நானிருக்கேன்
சத்தம் போட ஆளில்ல
கிளி வந்து போவுதம்மா
கேக்க ஒரு நாதியில்ல

நாலு வரிதான். அதற்குள் பின்னணியில் ஒரு ஆண் ஏதோ சொல்கிறான், ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது, டக்கென்று பொத்தான் அமுங்குகிறது. உடனே ஞானப்பாட்டு. நான் அந்த நாலு வரியைப் பத்துப் பதினைந்து முறை கேட்டிருப்பேன். மூன்றாவது நாலாவது முறையே கண் கலங்கிவிட்டது.

நேரம் போதவில்லை, ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு மூன்று வரி விளக்கமும் நீங்களே எழுதிவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். மற்றப் பாட்டுகளுக்குச் சும்மா தாலாட்டு, கல்யாணப் பாட்டு என்று எழுதியவள், இந்தப் பாட்டுக்கு மட்டும் மெனக்கெட்டேன். நள்ளிரவுச் சாமத்தில் அடர்ந்த காட்டில் தன்னந்தனியாக நிற்கும் ஒரு பெண்ணின் குரல் இது என்று தொடங்கினேன். வந்து வந்து போகும் கிளி, விட்டுப் பிரிந்த துணையின் நினைவு என்று எழுதினேன். அழைத்தாலும் கேட்க ஆளில்லாத தனிமை இதில் உறைந்திருக்கிறது என்று முடித்தேன். வகை என்ற இடத்தில் பிரிவுப் பாடல் என்றும், இயற்றியவர், பாடியவர் என்ற இரண்டு இடத்திலும் பெயர் தெரியவில்லை என்றும் போட்டேன்.

பேராசிரியருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. உங்களுக்குள் இப்படி ஒரு ஆள் இருப்பது தெரியாமல் மனு அடிக்க விட்டுவிட்டோமே என்றார். இணையதளத்தின் முதல் பக்கத்திலேயே அந்தப் பாட்டையும் என் விளக்கத்தையும் வைத்தார். திட்டம் முடிந்து முடிவுகளை மக்களோடு பகிரும் கூட்டத்தைக் கரியாலூரில் வைப்பது என்று தீர்மானமானதும், ஃப்ளெக்ஸ் பேனரிலும் அதையே தலைப்பாக அச்சடித்தார்: சாமக் காட்டில் ஒரு தனிக்குரல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேனில் கிளம்பினோம். பேராசிரியர், நான், ஓட்டுநர், பின்னால் புரொஜெக்டர், ஸ்பீக்கர், பேனர். நர்சம்மா வர ஆசைப்பட்டார். முட்டி இடம் கொடுக்கவில்லை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து மலை ஏறியதும் என் போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கரியாலூர் சமுதாயக் கூடத்தில் பேனரைக் கட்டி முடித்தபோது கோடே இல்லை. இணையதளத்தைத் திறந்து காட்டுவதுதான் அன்றைய முக்கிய நிகழ்ச்சி. பேராசிரியர் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒன்றும் நடக்கவில்லை. நல்லவேளையாக எல்லாப் பாட்டுகளையும் என் லேப்டாப்பில் தனியாக வைத்திருந்தேன்.

பத்து மணிக்குக் கூட்டம் என்று சொல்லியிருந்தோம். பதினொன்றுக்கு முதலில் வந்தவர்கள் இரண்டு ஆண்கள். வாசலில் நின்று பேனரைப் படித்துவிட்டு, விதை எத்தனை கிலோ கொடுக்கிறீர்கள், ஆதார் நகல் வேண்டுமா என்று கேட்டார்கள். இது வேளாண்மைத் துறைக் கூட்டம் இல்லை, பாட்டுக் கூட்டம் என்று பேராசிரியர் பொறுமையாகச் சொன்னார். அவர்கள் மறுபடியும் பேனரைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள், கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். எதற்காக விதை கேட்டார்கள் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

பன்னிரண்டு மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. பெரும்பாலும் பெண்கள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் பெண் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்துக்குள், பெரிய பாத்திரத்தில் டீ போட்டு எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். பேராசிரியர் மேடையேறி நர்சம்மாவைப் பற்றிச் சொன்னார். அந்தப் பெயரைக் கேட்டதும் வயதான பெண்கள் சிலர் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி தன் கையைத் தூக்கித் தடுப்பூசித் தழும்பைப் பக்கத்திலிருந்தவளுக்குக் காட்டினாள்.

பிறகு பேராசிரியர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, நான் எழுதிய விளக்கத்தை நிறுத்தி நிதானமாகப் படித்தார். நள்ளிரவுச் சாமம், அடர்ந்த காடு, பிரிந்த துணை எல்லாம் வந்தது. கூடம் நிசப்தமாகக் கேட்டது. எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. அவர் கை காட்டினார், நான் பாட்டைப் போட்டேன்.

சாமக் காட்டுல நானிருக்கேன் என்ற முதல் வரியிலேயே இரண்டாவது வரிசையில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். இரண்டாவது வரியில் அவள் தோள் குலுங்கியது. மூன்றாவது வரிக்குள் கூடம் முழுக்கச் சிரிப்பு. ஆண்களும் சிரித்தார்கள். பேராசிரியர் புரொஜெக்டரில் ஏதோ தப்பான படம் விழுந்துவிட்டது என்று நினைத்துத் திரையைத் திரும்பிப் பார்த்தார். நாலு வரி முடிந்து ஞானப்பாட்டு தொடங்கியதும் நான் அவசரமாக நிறுத்தினேன். சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

சத்துணவுப் பெண்தான் டீ டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. சாமத்துல கிளி எங்கங்க வரும்? அது சாம வெளஞ்ச காடுங்க. சாம, தினன்னு சொல்றோம்ல, அந்தச் சாம.”

அப்போதும் எனக்கு உடனே உறைக்கவில்லை. விதை கேட்டுவிட்டுப் பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு ஆண்களின் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. சாமை. சோறாக்கும் சாமை. காடு என்றால் கொல்லை. சாமைக் கொல்லையில் கிளியோட்ட நிற்கிறாள் ஒருத்தி. சத்தம் போட்டு விரட்ட ஆளில்லை. கிளிகள் இஷ்டத்துக்கு வந்து தின்றுவிட்டுப் போகின்றன, தட்டிக் கேட்க நாதியில்லை. அவ்வளவுதான். நள்ளிரவும் இல்லை, அடர்ந்த காடும் இல்லை, பட்டப்பகல்.

ஏன் ஆளில்லை என்பதுதான் பாட்டு. நர்சம்மாவின் டேப் நின்றுவிட்ட இடத்திலிருந்து அந்தப் பெண்கள் எடுத்துப் பாடினார்கள். யாரும் யாரையும் பாடச் சொல்லவில்லை.

பரணு மேல படுத்துக்கினு
பகலெல்லாம் கொறட்டை வுட்டா
கிளி இன்னா பண்ணும் மாமா
கேட்டுட்டா திங்கும் மாமா

காவலுக்கு வந்த புருஷன் கொல்லையில் கட்டிய பரணில் தூங்கிவிட்டான். அவனைக் கேலி பண்ண, வேண்டுமென்றே ஒப்பாரி மெட்டில் இழுத்துப் பாடுவது. இங்கே கல்யாணம் என்றால் மாப்பிள்ளையை உட்காரவைத்து இந்தப் பாட்டைப் பாடாமல் விடமாட்டார்களாம்.

நான் லேப்டாப் மூடியைப் பாதி சாய்த்து அதன் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டேன். அந்த விளக்கத்தை எழுதியது யார் என்று பேராசிரியர் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. அவர் சொல்லவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் தப்பாகக் கேட்டுவிட்டோம், மற்றதையும் நீங்களே கேட்டுத் திருத்திக் கொடுங்கள் என்றார். ஆனால் என் முகமே காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். சத்துணவுப் பெண் ஒரு டம்ளர் டீயோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீங்க எழுதனது நல்லாதாங்க இருக்குது. ஆனா அது எங்க பாட்டு இல்ல.”

அதில் குத்தல் இல்லை. டைப் அடித்த மனுவில் ஊர்ப் பெயர் தப்பு என்று யாராவது கடையில் சொல்வார்களே, அப்படித்தான் சொன்னாள். டீயைக் குடித்தேன். சர்க்கரை ஜாஸ்தி.

அதன்பிறகு மேடை காலியாகிவிட்டது. புரொஜெக்டரை அணைத்துவிட்டு, லேப்டாப்பைத் தரையில் பாய்மேல் வைத்தோம். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். முதல் கேசட்டிலிருந்து வரிசையாகப் போட்டேன். நான் பிழையாக எழுதிய சொற்களைச் சொல்லச் சொல்லத் திருத்தினேன். எத்தனை என்று சொன்னால் என் தொழிலுக்கு மரியாதை இருக்காது. குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்தார்கள். இது பெரியப்பன் மகள், இது இன்ன ஊரில் வாக்கப்பட்டவள், இது நான்தான் என்று ஒருத்தி வெட்கப்பட்டாள். பெயர் தெரியவில்லை என்று ஒரே பொத்தானில் நான் போட்ட இடங்களில் ஒவ்வொரு எழுத்தாகப் பெயர்கள் ஏறின. ஒரே ஒரு ஒப்பாரியை மட்டும் பாதியில் நிறுத்தச் சொன்னார்கள். அந்தச் சாவு வீட்டுக்காரர்கள் அங்கேயே இருந்தார்கள். அதை எல்லாரும் கேட்கும்படி வைக்க வேண்டாம், எங்களுக்கு மட்டும் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். பேராசிரியர் அப்படியே செய்வதாக வாக்களித்தார், செய்யவும் செய்தார்.

இணையதளத்தை வைத்து நாங்கள் என்ன செய்வது, போனில் ஏற்றிக் கொடுங்கள் என்று ஒருவர் கேட்டார். உடனே வரிசை சேர்ந்துவிட்டது. புளூடூத்தில் ஒவ்வொரு போனாக அனுப்பினேன். பட்டன் போன் வைத்திருந்தவர்கள் மெமரி கார்டைக் கழற்றிக் கொடுத்தார்கள். வெயில் தாழும்வரை அதுதான் வேலை. இரண்டு வருஷத் திட்டத்தின் முடிவு அன்றைக்கு அப்படித்தான் மக்களிடம் போய்ச் சேர்ந்தது.

கிளம்பும் நேரத்தில் சத்துணவுப் பெண் இன்னொன்றும் சொன்னாள். சாமைப் பாட்டில் கேட்ட குரல் தன் சித்தியினுடையது. பாடியது மட்டுமில்லை, பாட்டைக் கட்டியதும் சித்திதான். சித்தியும் சித்தப்பாவும் இப்போது மூங்கில்துறைப்பட்டில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். கரும்பு வெட்டும் காலத்தில் வேலைக்குப் போய்ப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். மருமகனுக்கு ஆலையில் வேலை. போன் நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

வேன் இறங்கும்போது பேராசிரியர் நாலைந்து கொண்டை ஊசி வளைவு வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவர், “விதை எத்தனை கிலோன்னு கேட்டாங்களே” என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டலாமா என்று கேட்கும் அளவுக்குச் சிரித்தார். தமிழ் படித்துப் பட்டம் வாங்கிய தனக்கே தோன்றவில்லை, உங்களை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது என்றார். 

அடுத்த சனிக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டுச் சங்கராபுரம் வழியாக மூங்கில்துறைப்பட்டுக்குப் பஸ் ஏறினேன். ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள் சாலையோரம் வரிசைகட்டி நின்றன. பாட்டுக்காரம்மாவின் மகள் பஸ் நிறுத்தத்துக்கே வந்து அழைத்துப் போனாள்.

பாட்டுக்காரம்மாவுக்கு அறுபதுக்குக் கொஞ்சம் கம்மியாக இருக்கும். ஒல்லியான உடம்பு, வெற்றிலை போட்ட வாய். என்னைப் பார்த்ததும் எழுந்து, பாய் விரித்து, சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அவருடைய வீட்டுக்காரர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏதோ அரசாங்கக் கணக்கெடுப்பு என்று நினைத்தோ என்னவோ உள்ளே வரவில்லை. அக்கா மகளான சத்துணவுப் பெண் போனில் விஷயத்தைச் சொல்லியிருந்தாலும், டேப் இன்னும் இருக்கிறது என்பதைப் பாட்டுக்காரம்மா நம்பவில்லை. ஊசி போட வந்த நர்சம்மா அன்றே அழித்திருப்பார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்தாராம். அழித்துவிடச் சொல்லி அவரே கேட்டுக்கொண்டதாகவும் சொன்னார். மாமியார் காதுக்குப் போனால் பெரிய சண்டையாகிவிடும் என்ற பயம்.

சின்ன ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டேன். தன் குரலை அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். முகத்தில் சிரிப்பில்லை, அழுகையுமில்லை. வேறு யாரோ பாடுவதைச் சரியாகப் பாடுகிறாளா என்று கவனிப்பதுபோல இருந்தது. நாலாவது வரியில் பின்னணியில் அந்த ஆண் குரல் வந்ததும் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். அந்த இடத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னார். எத்தனையோ முறை கேட்டும் எனக்குப் பிடிபடாத வார்த்தை அது.

“பொய்யின்றாரு,” என்றார் பாட்டுக்காரம்மா. வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார். “இந்தா, உள்ள வா. உன் கொரலுதான் கேக்குது.”

வீட்டுக்காரர் வந்து கதவோரம் நின்று கேட்டார். முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய தன் குரல் பொய் என்று சொல்வதைக் கேட்டு, இப்போதும் பொய்தான் என்றார். அன்றைக்குத் தூங்கவே இல்லை, காய்ச்சலில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன், அதைப் பாட்டாகக் கட்டி மலை முழுக்கப் பரப்பிவிட்டாள் என்று என்னிடம் முறையிட்டார். பாட்டுக்காரம்மா வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். மகள்தான், கொறட்டைச் சத்தம் காய்ச்சலிலும் வருமா அப்பா என்று கேட்டாள்.

கல்யாணமான மறு வருஷம் நடந்தது அது. இரண்டு பேருமாகக் காடு திருத்திப் போட்ட முதல் சாமை. பாட்டுக்காரம்மா தண்ணீருக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் கிளிக் கூட்டம் ஒரு பக்கத்தையே காலி பண்ணிவிட்டதாம். கோபத்தில் அழுதுகொண்டே அங்கேயே நின்று பாடியது. அழுகையில் தொடங்கியது பாடப் பாடச் சிரிப்பாகிவிட்டது என்றார். முழுப் பாட்டையும் பாடுகிறீர்களா, பதிவு செய்துகொள்கிறேன் என்று கேட்டேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பாதியில் ஒரு இடத்தில் நின்று, மறுபடியும் முதலிலிருந்து போகலாம் என்றார். அவர் மறந்த வரியை எடுத்துக் கொடுத்தது கதவோரம் நின்ற வீட்டுக்காரர்தான்.

சாமச் சோறு கேக்குற நீ
சட்டியில இன்னா இருக்குது
கிளி வூட்டு வாசலுக்குப் போய்
கேட்டு வாங்கித் தின்னு மாமா

அதைத் தானே எடுத்துக் கொடுத்துவிட்டோம் என்று அவருக்குப் பிறகுதான் உறைத்தது. தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

நான் எழுதியிருந்த விளக்கத்தைப் பற்றி அக்கா மகள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள் போல. படித்துக் காட்டச் சொன்னார். தப்பிக்கப் பார்த்தேன், விடவில்லை. போனில் இருந்ததை மெதுவாகப் படித்தேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“இத எழுதறப்ப உங்க வூட்ல யாரும் இல்லியா?”

இல்லை என்றேன். கணவர் ஓசூரிலும் மகள் விழுப்புரத்திலும் இருப்பதைச் சொன்னேன்.  சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும் என்று எழுந்து அடுப்படிக்குப் போனார். நான் ஸ்பீக்கரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நாளாக யாரிடமும் சொல்லாததை யாரோ கேட்டு முடித்துவிட்டதுபோல லேசாக இருந்தது.

சாப்பிடும்போது பெயர் விஷயத்தைக் கேட்டேன். இயற்றியவர், பாடியவர் என்று உங்கள் பெயரை இணையதளத்தில் போடலாமா, உலகத்தில் எங்கிருந்தாலும் பார்ப்பார்கள் என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

“என் பேரு போடுங்க. அவரு பேரு வாணாம். பேரப் பசங்க பாக்கறாங்க இல்ல.”

அதனால் இணையதளத்தில் பாட்டுக்காரம்மாவின் பெயர் மட்டும் இருக்கிறது. இங்கே அதையும் நான் எழுதவில்லை.

ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் திருத்தி முடித்தோம். பிரிவுப் பாடல் என்பது கேலிப் பாடல் ஆயிற்று. என் பழைய விளக்கத்தை அடியோடு எடுத்துவிடச் சொன்னேன். பேராசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை. கீழே சின்ன எழுத்தில், முதலில் இப்படித் தவறாகப் புரிந்துகொண்டோம் என்று ஒரு வரி சேர்த்து அதையும் வைத்துவிட்டார். முதல் பக்கத்தில் இப்போது நாலு வரிப் பழைய பதிவும் முழுப் புதிய பதிவும் அடுத்தடுத்து இருக்கின்றன.

நர்சம்மாவுக்குக் கம்ப்யூட்டரில் காட்டிப் பயனில்லை. பாட்டு வரிசையையும் பெயர்களையும் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காதால் பிடிக்க முடியாததைக் கண்ணால் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு பெயரிலும் விரலை வைத்து, இவளுக்கு இரண்டாவது பிரசவம் நல்ல மழையில், இவள் ஊசிக்குப் பயந்து மரத்தில் ஏறியவள் என்று சொல்லிக்கொண்டே போனார். சாமைப் பாட்டுக்காரி பெயர் வந்ததும், அழிக்கச் சொன்னாள், எனக்குத்தான் மனசு வரவில்லை, கோபித்துக்கொண்டாளா என்று கேட்டார். இல்லை என்று கையை ஆட்டிச் சொன்னேன். மூன்று பக்கம் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. பக்கங்களைத் திருப்பித் தரவில்லை, பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த மாதக் கடைசியில் என் கணவர் வந்தார். நடந்தது எதையும் சொல்லாமல், சும்மா இதைக் கேளுங்கள் என்று பழைய பதிவின் நாலு வரியைப் போட்டேன். அவர் சின்னசேலம் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் வரி முடிவதற்குள், சாமைக்குக் காவல் நிற்கிற பாட்டா என்று கேட்டார். பாட்டை நிறுத்திவிட்டு நடந்ததையெல்லாம் சொன்னேன். என்னை ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்றார். கேட்டிருக்கலாம். அவருக்கு வேலை நேரம், எனக்குக் கூச்சம் என்று அப்போது ஏதேதோ நினைத்துக்கொண்டு கேட்காமல் இருந்திருக்கிறேன்.

அன்றைக்கு மதியம் சாப்பாடு முடிந்த பிறகு முழுப் பாட்டையும் போட்டேன். கொறட்டை வரி வந்தபோது அவர் பாயில் படுத்திருந்தார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார், இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திங்கட்கிழமை ஓசூர் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் அந்தப் பாட்டைத் தன் போனிலும் ஏற்றிக்கொண்டார். ஓசூர் போய்ச் சேர்ந்ததும், பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதைத்தான் கேட்டேன் என்று போன் செய்து சொன்னார். நான் அப்போது கடையில் யாருக்கோ பட்டா மாறுதல் விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தேன். எதிரில் நின்றவரை ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லிவிட்டுப் பேசினேன்.